பவர் பேங்க்கைப் பறிமுதல் செய்வது பாதுகாப்பா, அத்துமீறலா?

கொள்முதல் பயணி: சரக்கு வாங்க ஆண்டுக்கு இருமுறை சீனா சென்று வருகிறேன். சென்ற பயணத்தில், அங்கே ஓர் உள்நாட்டு விமான நிலையத்தில், சென்னையில் வாங்கி மூன்றாண்டுகள் பழுதின்றி உழைத்த என் 20,000 எம்.ஏ.எச் பவர் பேங்க்கை, சீனாவின் கட்டாயப் பாதுகாப்புச் சான்றான 3சி முத்திரை இல்லை என்று கூறி வாங்கிக்கொண்டார்கள். 2025 ஜூன் 28 முதல், அம்முத்திரை இல்லாதவற்றையும் அது தெளிவாகத் தெரியாதவற்றையும் அந்நாட்டு உள்நாட்டு விமானங்களில் கொண்டுசெல்ல முடியாது. என்னுடையது 74 வாட்-மணிதான். விமானங்களில் பொதுவாக ஏற்கப்படும் 100 வாட்-மணி வரம்புக்குள் இருந்தது. சீனச் சந்தைக்கான முத்திரையை இந்தியாவில் விற்ற பொருளில் தேடுவது எப்படி நியாயமாகும்?

பழுதுபார்ப்பவர்: ஐயா, உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் வாட்-மணி என்பது உள்ளே எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். செல் எவ்வளவு ஒழுங்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லாது. சென்ற மாதம் என் கடைக்கு வந்த ஒன்றில் வெளியே ஒரு கீறல்கூட இல்லை. மூடியை நெம்பித் திறந்தபோது, உள்ளிருந்த இரண்டு செல்களில் ஒன்று தலையணை போல உப்பி, சர்க்யூட் போர்டையே வளைத்திருந்தது. செல்லின் இரு முனைகளையும் பிரித்து வைப்பது மெல்லிய படலம் ஒன்றுதான். அது கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகி, அந்தச் சூட்டில் பக்கத்துச் செல்லும் பற்றிக்கொள்ளும். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்ததற்கு, இருக்கைக்கு மேலுள்ள பெட்டியில் இருந்த பவர் பேங்க்கே காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையாளர்கள் கூறினார்கள். விமானம் தரையில் நின்றதால் உள்ளே இருந்த 176 பேரும் உயிர் தப்பினார்கள். வானில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே எனக்கு நடுங்குகிறது.

கொள்முதல் பயணி: அந்த விபத்துக்குப் பின் தென்கொரியா மார்ச் 1 முதல் மேல்பெட்டியில் வைக்கத் தடை விதித்ததை நான் எதிர்க்கவில்லை. கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் புகை வந்தவுடன் தெரியும். அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது. முத்திரை விதி அப்படிப்பட்டதன்று. அதே 2025 ஜூனில் சீனாவின் ரோமாஸ் நிறுவனம் ஏறத்தாழ 4.9 இலட்சம் பவர் பேங்க்குகளைத் திரும்பப் பெற்றது. பெயர்பெற்ற நிறுவனத்தின் பொருளே அப்படியென்றால், முத்திரையை நம்பி என்ன பயன்?

பழுதுபார்ப்பவர்: எந்தத் தொகுதி, எந்த மாடல் என்று தெரிந்ததால்தான் அவற்றைத் திரும்பப் பெற முடிந்தது. சான்றோ மாடல் எண்ணோ இல்லாத மலிவுப் பொருளை யார் திரும்பப் பெறுவார்கள்?

கரூர் வாசகி: எனக்கு ஓர் ஐயம். பயன்படுத்தப் பயன்படுத்த எழுத்து அழிந்துபோன நல்ல பொருளுக்கும் இதே கதிதானா?

பழுதுபார்ப்பவர்: ஆம், சகோதரி. வரிசையில் நிற்கும் அதிகாரியால் அதைத் திறந்து பார்க்க முடியாது. மேலே உள்ள எழுத்தைத்தான் அவர் பார்க்க முடியும்.

கொள்முதல் பயணி: அப்படியானால் அந்த எழுத்து உராய்ந்து அழியாதவாறு உறையிலேயே அழுத்திப் பொறிக்க வேண்டும் என்று முதலில் உற்பத்தியாளருக்கு விதி போடட்டும். வெளிநாட்டில் வாங்கிய பொருளை வைத்திருப்பவரிடம், திரும்பும்போது பெற்றுக்கொள்ளும்படி ஒரு சீட்டாவது கொடுக்கட்டும். என்னிடம் வாங்கியதை என் கண்முன்னே ஒரு தொட்டியில் போட்டார்கள். அதில் ஏற்கெனவே நூற்றுக்கும் மேல் கிடந்தன. நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மையென்றால், கூட்டம் நிற்கும் இடத்தில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்திருப்பதை எப்படி ஏற்பது?