ஜிமேட்: டேட்டா இன்சைட்ஸில் நேரம் போதவில்லை

கேள்வி: எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் குவான்ட் (கணிதம்), வெர்பல் (ஆங்கில வாசிப்பு, தர்க்கம்) இரண்டும் நேரத்துக்குள் முடிகிறது. தரவுகளை அலசும் டேட்டா இன்சைட்ஸில் மட்டும் கடைசி நாலைந்து கேள்விகள் தொடாமலே நிற்கின்றன. போட்டவை சரியாக இருந்தால் போதாதா?

பதில் 1: போதாது. விட்ட கேள்விகளுக்கு மதிப்பெண் குறையும், ஊகித்தாவது குறித்துவிடுங்கள். 45 நிமிடத்தில் 20 கேள்வி, ஒன்றுக்கு இரண்டேகால் நிமிடம். மூன்று பகுதிக்கும் சம எடை.

பதில் 2: டேட்டா சஃபிஷியன்சியில் (ஒரு கேள்வியும் இரண்டு கூற்றுகளும் தரும் வகை) விடையையே கணக்கிடுகிறீர்களோ? தரவு போதுமா என்பதுதான் கேள்வி. போதும் என்று தெரிந்ததும் நிறுத்துங்கள். முதல் கூற்றைத் தனியாக, இரண்டாவதைத் தனியாக, பிறகுதான் சேர்த்துப் பாருங்கள். கால்குலேட்டர் டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் மட்டும் உண்டு, அதுவே பொறி! பெரும்பாலும் தோராயமே போதும்.

பதில் 3: பல உட்கேள்விகள் உள்ளவற்றில் எல்லாமே சரியானால்தான் மதிப்பெண். ஒன்றில் சிக்கினால் ஊகித்து நகருங்கள். நேரம் மிஞ்சினால் திரும்பி வந்து, பகுதிக்கு மூன்று விடைகள் வரை மாற்றலாம்.