கொம்பில் ரத்தம் வழிந்த மான்

காட்டுவழி:
சஃபாரி போனபோது ஓர் ஆண் புள்ளிமானைப் பார்த்தேன். இரண்டு கொம்பிலும் ரத்தம், தோல் கிழிந்து நாடா நாடாவாகத் தொங்குகிறது. அதுவோ கொம்பை ஒரு மரத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தது. செந்நாய் ஏதும் விரட்டியிருக்குமோ என்று பதறினேன். வண்டி ஓட்டியவர் சிரித்துவிட்டார். "சட்டையைக் கழற்றுது, விடுங்க" என்றார். வேறு யாராவது இப்படிப் பார்த்ததுண்டா?

கொட்டகைக்காரன்:
உயிரியல் பூங்காவில் ஆறு வருடம் மான் கொட்டகையில் வேலை பார்த்தவன் நான். அவர் சொன்னது சரிதான். மான் கொம்பு முழுக்க எலும்பு. வளரும்போது அதன்மேல் பூனைமயிர் போல் முடியுள்ள தோல் போர்த்தியிருக்கும். அதில் ஓடும் ரத்தத்தால்தான் கொம்பு வளர்கிறது. ஒருமுறை மயக்க ஊசி போட்ட மானின் இளங்கொம்பில் கை வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சூடு!

வளர்ச்சி நுனியில் நடக்கும். வாபிட்டி என்ற பெரிய மான் இனத்துக்கு உச்சக் காலத்தில் நாளுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீளுமாம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறியதும் எலும்பு இறுகும், ரத்த ஓட்டம் நிற்கும், தோல் செத்து உரியும். நீங்கள் பார்த்தது அந்தக் கட்டம். பிறகு அதே டெஸ்டோஸ்டிரோன் இறங்கும்போது, கொம்பு மண்டையோடு சேரும் இடத்தில் எலும்பு அரிக்கப்பட்டுப் பொத்தென்று விழுந்துவிடும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து விழாது. ஒற்றைக் கொம்போடு தலையைச் சாய்த்துக்கொண்டு அது நிற்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

எங்களிடம் அந்த டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் விதைப்பையில் பலமாக அடிபட்ட ஒரு மான் இருந்தது. நான் அங்கே இருந்தவரை அதன் கொம்பில் தோல் உரியவும் இல்லை, கொம்பு விழவும் இல்லை.

மந்தை:
அண்ணே, அப்படியென்றால் எங்கள் கிடாய்க்கு மட்டும் ஏன் திரும்ப முளைக்கவில்லை? வேலியில் கொம்பை மாட்டிக்கொண்டு இழுத்ததில், கத்தியிலிருந்து உறை கழன்ற மாதிரி மேல்கூடு தனியாக வந்துவிட்டது. உள்ளே செக்கச் செவேலென்று ஒரு முளை, ஒரே ரத்தம். மருத்துவர் கட்டுப் போட்டார். பிழைத்துவிட்டது, ஆனால் அந்தப் பக்கம் இன்றைக்கும் கோணல்தான்.

இன்னொன்று. குட்டியாக இருந்தபோது அடையாளத்துக்காகக் கொம்பின் அடியில் பெயிண்ட் பூசியிருந்தேன். வருடம் போகப் போக அந்தக் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது.

கொட்டகைக்காரன்:
உங்கள் பெயிண்டே பதிலைச் சொல்லிவிட்டது. ஆடு, மாட்டுக் கொம்பு அடியிலிருந்து வளர்கிறது. நீங்கள் பார்த்த முளை மண்டையோட்டோடு சேர்ந்த எலும்பு, மேல்கூடு நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். ஆயுளுக்கும் அந்த ஒரு ஜோடிதான், கிளையும் விடாது. நாம் இரண்டையும் "கொம்பு" என்றே சொல்வதால்தான் இந்தக் குழப்பம். போதாக்குறைக்கு வெளிமான் வேறு இருக்கிறது! பெயரில்தான் மான், கொம்பு உங்கள் கிடாயின் ரகம். அது விழும் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

காட்டுவழி:
எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் மானின் வாயிலிருந்து நாடா போல் ஏதோ தொங்குகிறது. உரிந்த தோலையா தின்கிறது?

கொட்டகைக்காரன்:
ஆமாம், தின்னும். விழுந்த கொம்பைக்கூடச் சில மான்கள் கடிக்கும், சுண்ணாம்புச் சத்துக்காக. முள்ளம்பன்றி கையில் கிடைத்தால் பாதிதான் மிஞ்சும்.