சைக்கிள் ரோலர்: வாங்கும்போது கண்ணில் படாமல் போனவை

சங்கிலிச்சத்தம்:
வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்க ஒரு பழைய ரோலர். பின்சக்கரத்துக்கு இரண்டு உருளை, முன்சக்கரத்துக்கு ஒன்று; நடு உருளையின் சுழற்சியை பெல்ட் முன்னுருளைக்குக் கடத்தும். பெல்ட் எட்டுப் போட்ட மாதிரி குறுக்கே மாட்டியிருந்தது. மிதித்த மாத்திரத்தில் பின்சக்கரம் முன்னோக்கி, முன்சக்கரம் பின்னோக்கி! சைக்கிள் அப்படியே சுவரில் போய்ச் சாய்ந்தது. நடு உருளையும் முன்னுருளையும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். பழசு வாங்குகிறவர்கள் ஏறுவதற்கு முன் நடு உருளையைக் கையால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள், போதும்.

ஒற்றைத்துளை:
பெல்ட் ஐந்து நிமிட வேலை. ஆளைக் கவிழ்ப்பது முன்னுருளையின் இடம்தான். ரோலர் சட்டத்தில் அதை ஒரே ஒரு துளை பின்னால் தள்ளி மாட்டியதில், முன்சக்கரம் உருளையைத் தாண்டி ‘டொக்’கென்று தரையில் இறங்கியது. முன் ஆக்ஸிலிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் முன்னுருளையின் மையத்துக்கு ஒன்றிரண்டு செ.மீ. பின்னால் விழுந்தால் சரி. வீட்டில் இரண்டு சைக்கிள் என்றால் இரண்டுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். துளை மாற்றியதும் பெல்ட்டையும் பாருங்கள். தொய்ந்தால் நழுவும், முன்சக்கரம் சோர்ந்துவிடும், ஹேண்டில் அலையும்.

தேய்ந்தடயர்:
உருளையின் விட்டத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே! ‘இடம் அடைக்காது’ என்று எடுத்த 57 மி.மீ. உருளை. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு சுமார் 2,800 சுற்று. 114 மி.மீ. உருளைக்கு அதில் பாதிதான், 1,400. சின்ன உருளை டயரை அதிகம் அமுக்கும், அதனால் மிதிக்கவும் கனம். பேரிங் கொஞ்சம் மோசமென்றாலும் வீடே ‘ங்ங்ங்’ என்று அதிரும். முள் டயர் போட்டால் கேட்கவே வேண்டாம். வழவழ டயர் மாட்டுங்கள்.

நடுவுருளை:
@தேய்ந்தடயர், சிறியதே கூடாது என்பதை ஏற்க முடியாது. பெரிய உருளையில் எதிர்ப்பு ரொம்பக் குறைவு, வலுவாக மிதிப்பவருக்குக் கடைசிக் கியரும் லேசாகிவிடும். அப்புறம் எதிர்ப்பைக் கூட்டக் காந்தமோ விசிறியோ தனியாக வாங்க வேண்டும். 76 மி.மீ. நடுவாந்திரம்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு இன்னும் சில. கதவு நிலைக்கு நடுவே போடுங்கள், சாய்ந்தாலும் முழங்கை நிலையில் இடிக்கும், விழ மாட்டீர்கள். நடுக் கியரில், நிமிடத்துக்கு 80–90 மிதி. மெதுவாக மிதித்தால்தான் ஆட்டம் அதிகம். பார்வை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் அது ஓரத்துக்குத்தான் போகும். இறங்கும்போது பிரேக்கை இறுக்க வேண்டாம், ஒரு கையை நிலையில் வைத்துவிட்டு மிதிப்பதை நிறுத்துங்கள். உருளையை விட்டு இறங்கினால் சைக்கிள் சுவரை நோக்கிப் பாயும் என்று பயப்படுகிறார்கள். சுழல்வது சக்கரம் மட்டும், சைக்கிள் நின்ற இடத்தில்தானே நிற்கிறது? டயர் தரையில் பட்டதும் ஒரு வெட்டு வெட்டி நின்றுவிடும். விழுந்தால் பக்கவாட்டில்தான். எதிரே மின்விசிறி கட்டாயம். வியர்வை ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போல்ட் வரை இறங்கித் துருப்பிடிக்க வைக்கும்.

சங்கிலிச்சத்தம்:
ஏறுவது எப்படி என்று யாரும் கேட்கவில்லை ஐயா. ஆனால் அந்தக் கதவு நிலை யோசனை சரி. இன்னொன்று: 20 அங்குல மடக்கு சைக்கிளை ஏற்றிப் பார்த்ததில், பின்சக்கரம் இரண்டு உருளைக்கும் நடுவில் பொதுக்கென்று அமுங்கி உட்கார்ந்துவிட்டது. சைக்கிள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எந்தச் சக்கர அளவுக்கு என்று பெட்டியிலேயே போட்டிருக்கும், பார்த்து எடுங்கள்.