கூடங்குளம் செலவு ஏறினதுக்குப் பாதுகாப்பு விதிகள்தான் காரணமா?

வள்ளியூர் வாசகன்:
கூடங்குளம் 1, 2 உலைகளுக்கு முதல்ல போட்ட மதிப்பு 13,171 கோடி. கடைசியில 22,462 கோடி ஆயிட்டு. கோர் கேட்சர், உலையைச் சுத்தி இரட்டைச் சுவர்னு பாதுகாப்புக்குச் சேர்த்ததாலதான் இந்த ஏத்தம்னு எங்க பக்கம் சொல்லுதாங்க. சரியா அண்ணாச்சி?

சிவில் நெல்லை:
இல்லை தம்பி. உலைக்கலனுக்கு அடியில் உருகிய எரிபொருளைத் தாங்கும் கோர் கேட்சரும் இரட்டைச் சுவரும் தொடக்க வடிவமைப்பிலேயே உண்டு. அவற்றின் விலை அந்த 13,171 கோடிக்குள்ளேயே அடக்கம்.

ஏற்றியது காலம். 2002 மார்ச்சில் முதல் கான்கிரீட். வணிக உற்பத்தி முதல் உலையில் 2014 டிசம்பர், இரண்டாவதில் 2017 மார்ச். ரஷ்யாவிலிருந்து கருவிகள் வரிசைப்படி வரவில்லை, பிறகு 2011-12 போராட்டம். பேச்சுக்கு 10,000 கோடி கடன், 9% வட்டி என்று வையுங்கள். ஒரு வேலையும் நடக்காமலே மாதம் 75 கோடி ஏறும்.

தரச்சோதனை:
அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் அந்தத் தாமதத்துக்குள் விதியும் வரும். அணு உலைக்கான தரத்தில் ஒரு வால்வு என்றால் உருக்கு எந்த வார்ப்பில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பர், வெல்டரின் தகுதிச் சான்று, வெல்டிங் எலக்ட்ரோடின் பேட்ச் எண், வெல்டிங்கைச் சோதித்த எக்ஸ்ரே பிலிம் எல்லாம் கோப்பில் இருக்கணும். ஒரு தாள் விடுபட்டால் நல்ல வால்வும் பொருத்த முடியாது.

இதைவிடப் பெரிய செலவு ஹோல்ட் பாயிண்ட், அதாவது ஆய்வு முடியும்வரை வேலையை நிறுத்திவைக்கும் கட்டம். ஆய்வாளர் கையெழுத்துப் போடாமல் கான்கிரீட் கொட்டக்கூடாது. அவர் வர இரண்டு நாள் பிந்தினால் கிரேன், கான்கிரீட் கலக்கும் பேட்சிங் பிளான்ட், ஆட்கள் எல்லாம் சும்மா நிற்கும், கூலியும் வாடகையும் ஓடும். கருவிகளைப் பொருத்த கான்கிரீட்டுக்குள் பதிக்கும் எம்பெட் பிளேட் இடம் மாறியதைக் கொட்டியபின் கண்டுபிடித்தால் இன்னும் மோசம்: கம்பியை அறுக்க முடியாது, வரைபடப்படி இல்லை என்று என்.சி.ஆர். அறிக்கை எழுதி, பளுக் கணக்கை மறுபடி போட்டு, ஒப்புதலுக்குக் காத்திருக்கணும். அமெரிக்காவின் வோக்டில் அணுமின் நிலையத்தில் 2012ல் அடித்தளக் கம்பி, ஒப்புதல் பெற்ற ஆவணப்படி இல்லாததால் உரிமத்தையே திருத்தவேண்டி வந்தது. முதல் கான்கிரீட் 2013 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது.

ராதாபுரம் மின்பொறி:
அதற்காக விதியைத் தளர்த்தலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளவே கூடாது. 3,000 மெகாவாட் வெப்ப உலையை நிறுத்திய நொடியிலும் 6-7%, அதாவது சுமார் 200 மெகாவாட் வெப்பம் வந்துகொண்டிருக்கும். 2011ல் புகுஷிமாவில் மின்சாரம் போய் இதைத் தணிக்க முடியாமல்தான் எரிபொருள் உருகியது. கூடங்குளத்தில் மின்சாரம் இல்லாமலே காற்றால் இந்த வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு உண்டு. அதற்குக் கொடுத்த காசு வீணே இல்லை.

விதி எப்போது வருகிறது என்பதைத்தான் பார்க்கணும். 1979 த்ரீ மைல் தீவு விபத்துக்குப்பின் அமெரிக்காவில் பாதி கட்டிய நிலையங்களில் புது விதி புகுந்தது. போட்ட குழாயையும் கேபிளையும் பிரித்து மறுபடி போட்டார்கள். வரைபடம் முடியாமல் கான்கிரீட் தொடங்கினாலும் இதே கதிதான்.

வள்ளியூர் வாசகன்:
அப்போ 3, 4க்கு 39,849 கோடி? வடிவமைப்பு கிட்டத்தட்ட அதேதானே?

சிவில் நெல்லை:
இரண்டு தொகையையும் நேருக்கு நேர் வைக்காதீங்க. 3, 4க்கு முதல் கான்கிரீட்டே 2017ல்தான். இடையில் பதினைந்து வருட விலைவாசி இருக்கு. 2010 அணு விபத்து இழப்பீட்டுச் சட்டத்துக்குப் பிறகு, விபத்து நடந்தால் கருவி கொடுத்த சப்ளையருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதும் விலைப்பேச்சில் சேர்ந்துவிட்டது.