ரங்கூனில் இரைப்பை முறுக்கலுக்குச் சிகிச்சை தெரிந்தவர்கள் உதவுங்கள்

அண்ணன்மாரே, அக்காமாரே, அவசரம். மோல்மேனில் இருக்கும் பெரியம்மாவுக்கு 82 வயது. மேல்வயிற்றில் கடும் வலி. ஓயாமல் ஓங்கரிக்கிறார், ஒன்றும் வெளியே வரவில்லை. மூக்கு வழியாக விட்ட குழாயும் இரைப்பைக்குள் இறங்கவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டதாகச் சந்தேகிக்க வேண்டும் என்று 1904-லேயே போர்ஹார்ட் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். இங்கே முதலில் மாரடைப்பு என்றார்கள். ஈசிஜி சரியாக இருந்ததும் வாயு என்கிறார்கள் (வயதானவர்களுக்கு எது வந்தாலும் வாயுதான் போல). ஆனால் எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பின்னால் காற்றும் நீரும் தெரிகிறது. பல வருடமாக ஹையாட்டஸ் ஹெர்னியாவும் (இரைப்பையின் ஒரு பகுதி நெஞ்சுக்குள் ஏறிவிடுவது) உண்டு. ரத்த ஓட்டம் தடைபட்டால் இரைப்பை அழுகிவிடும் என்பதால் இன்றே ரங்கூனுக்குக் கிளம்புகிறோம். இரவிலும் சிடி ஸ்கேன் எடுக்கும் இடம் எது? எண்டோஸ்கோப்பியிலோ லேப்ராஸ்கோப்பியிலோ முறுக்கை எடுத்துவிடும் சர்ஜன் யாரையாவது தெரியுமா? அப்புறம், இந்த வயதில் மயக்க மருந்து தாங்கியவர்கள் வீட்டில் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.