நெடுநடை போய் வந்தவர்களுக்கு ஒரு கேள்வி: வேலைக்குத் திரும்பியபோது எது மிஞ்சியது?

புதுச்செருப்பு:
வணக்கம். பன்னிரண்டு வருடமாகத் திட்ட மேலாளர் வேலை. ஒரு வேலையை விட்டுவிட்டேன், அடுத்ததில் சேர ஆறு வாரம் இருக்கிறது. அந்த இடைவெளியில் பிரான்ஸ் எல்லையிலுள்ள சான் ழான் பியே தெ போரிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா வரை, சுமார் 780 கி.மீ., காமினோ என்ற பழைய யாத்திரைப் பாதையில் நடக்கப் போகிறேன். எக்செல்லில் போட்டுப் பார்த்தேன், தினம் 25 கி.மீ. வைத்தால் 31 நாளில் முடிகிறது. போய் வந்தவர்கள் எல்லோரும் ‘வாழ்க்கையே மாறிவிட்டது’ என்கிறார்கள், ஆனால் என்ன மாறியது என்று கேட்டால் சிரிக்கிறார்கள். எனக்கு ஞானம் வேண்டாம். திங்கட்கிழமை ஆபீசில் உட்கார்ந்தபோது நீங்கள் வேறு மாதிரிச் செய்த ஒரு காரியம் இருந்தால் சொல்லுங்கள். லேப்டாப் எடுத்துப் போகலாமா என்றும் ஒரு சின்னக் கேள்வி.

மஞ்சள்அம்பு:
எனக்கு 34 நாள் ஆனது. உங்கள் எக்செல் முதல் நாளே செத்துவிடும், தப்பாக நினைக்காதீர்கள். ரோன்செஸ்வாயஸ் வரை முதல் நாள் தூரம் கிட்டத்தட்ட 25 கி.மீ.தான், ஆனால் பிரனீஸ் மலையில் 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ., ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அப்படியானால் அன்றைக்கு ஏழு மணி நேரம், அதுவும் ஓய்வையும் முதுகுச் சுமையையும் சேர்க்காமல். நான் ஆபீசில் எல்லா வேலைக்கும் ‘இரண்டு நாள்’ என்று எழுதிக்கொண்டிருந்தவன். இப்போது தூரம் எவ்வளவு, ஏற்றம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்கிறேன்.

ஆனால் உண்மையில் ஒட்டிக்கொண்டது வேறு. மூன்றாம் நாள் குதிகாலில் ஒரு இடம் லேசாகச் சுட்டது. அப்போதே உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, காலைக் காயவிட்டு, ஒரு டேப் ஒட்டியிருந்தால் ஐந்து நிமிடம். கூட நடந்த நால்வரை நிறுத்தக் கூச்சம். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அடுத்த ஊர் 7 கி.மீ. தள்ளி இருந்தது. போய்ச் சேர்ந்தபோது ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம், ஈரக் காலுறையோடு ஒட்டிப்போய்! இரண்டு நாள் படுக்கை. அந்த நால்வரை அப்புறம் பார்க்கவே இல்லை. இன்றைக்கு என் குழுவில் யாராவது ‘சார், இங்கே கொஞ்சம் உறுத்துது’ என்றால் கூட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுவேன். சிலருக்கு எரிச்சல்தான். பரவாயில்லை.

பாதியில்_திரும்பியவன்:
பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் முடிக்கவில்லை. லெயோனில் விட்டேன், 300 கி.மீ.க்கு மேல் பாக்கி. காலின் முன்னெலும்பு ஓரமாக ஆரம்பித்த வலி, நடந்து நடந்து வீங்கிவிட்டது. காரணம் பாதை இல்லை. ஆல்பெர்கே எனும் யாத்திரிகர் விடுதிகளில் அதிகாலை ஐந்து மணிக்கே சிலர் நெற்றிவிளக்கை மாட்டிக்கொண்டு பையைச் சரசரவென்று கட்ட ஆரம்பிப்பார்கள். படுக்கை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் அவர்கள் வேகத்துக்கு நானும் ஓடினேன், யாருக்கும் அதைச் சொல்லாமல். யாத்திரை முடித்ததற்குத் தரும் சான்றிதழுக்குக் கடைசி 100 கி.மீ. நடந்தால் போதும் என்பது விதி. நடுவில் பஸ் ஏறியவர்களைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு கோபம், ஒரு அடி விடாமல் நடப்பேன் என்று நானாக வைத்த விதிதான் என் காலை ஒடித்தது என்று பிறகுதான் உறைத்தது. ஊர் திரும்பியதும் ‘எவ்வளவு தூரம் போனாய்’ என்று ஆபீசில் இரண்டு பேர் கேட்டார்கள். இருவருமே பதிலுக்கு நிற்கவில்லை. இவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்தா இவ்வளவு நாள் ஆபீசில் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருந்தோம் என்று இருந்தது.

கணக்குப்பிள்ளை:
குறுக்கே பேசுகிறேன். ஒரு மாதம் மேலாளர் இல்லை, மின்னஞ்சல் இல்லை, ஒன்பது மணிக்குத் தூக்கம் என்றால் யாருக்கும் தெளிவு வரும். அந்தப் பெருமை விடுப்புக்குச் சேர வேண்டியது. திரும்பி வந்த மூன்றாம் வாரம் நான் பழைய ஆள்தான், சாப்பாட்டு மேசையில் போனோடு.

மிஞ்சியது பை மட்டும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் சுமை இருக்கட்டும் என்பார்கள். நான் 12 கிலோ தூக்கினேன், பாதிக்கு மேல் ‘எதற்கும் இருக்கட்டும்’ ரகம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், சமாளிக்கலாம், இறக்கத்தில் ஒவ்வொரு கிலோவும் முட்டியிடம் பேசும். வந்ததும் நான் வாராவாரம் அனுப்பிய அறிக்கைகளில் நான்கைச் சத்தமில்லாமல் நிறுத்தினேன். மூன்று மாதம் கழித்து ஒருவர் ஒன்றைக் கேட்டார், அவருக்கு மட்டும் அனுப்புகிறேன். லேப்டாப்பும் அதே ரகம், வைத்துவிட்டுப் போங்கள்.

மஞ்சள்அம்பு:
கணக்கரே, இரண்டு வார விடுப்பில் சோபாவில் கிடந்தும் பார்த்திருக்கிறேன், ஒன்றும் தெளியவில்லை. பூர்கோஸ் தாண்டினால் மெசேட்டா பீடபூமி, லெயோன் வரை நாள் கணக்கில் கோதுமை வயலும் வானமும்தான். போரடிக்கும் என்று பலர் தாண்டிவிடும் பகுதி. அங்கே பழைய மேலாளரோடு போட்ட ஒரு சண்டையை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டினேன். முதல் நாள் முழுக்க அவர் தப்பு. மூன்றாம் நாள், வேறு எதுவும் மிச்சமில்லாததாலோ என்னவோ, நான் அவர் பேச்சை நான்கு தடவை வெட்டியது ஞாபகத்துக்கு வந்தது. சோபாவில் இருந்திருந்தால் அதற்குள் டிவி போட்டிருப்பேன்.

கணக்குப்பிள்ளை:
சரி, அது நியாயம். சண்டை ஒன்றை ஒத்திவைக்கிறேன்.

புதுச்செருப்பு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று பையை எடை போட்டேன், 11.2 கிலோ. நான் 68 கிலோ. லேப்டாப், சார்ஜர், இரண்டாவது ஜாக்கெட், மூன்று புத்தகம் எல்லாம் இப்போது கட்டிலில் கிடக்கின்றன, ‘எதற்கும் இருக்கட்டும்’ குவியல். முதல் நாளை இரண்டாக உடைத்து, 8 கி.மீ.யில் இருக்கும் ஒரிசோன் தங்குமிடத்தில் நிற்கப் பார்க்கிறேன். 31 நாள் கணக்கை அழித்துவிட்டேன், அதற்குப் பதில் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று: ஷூ அரை அளவு பெரிதாக வாங்கச் சொல்கிறார்களே, அது நிஜமா?

மஞ்சள்அம்பு:
நிஜம். மத்தியானத்துக்கு மேல் கால் வீங்கும், இறக்கத்தில் விரல் முன்னால் போய் மோதும். சாயங்காலமாகப் போய், நடக்கப் போகும் அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். இங்கேயே நூறு கி.மீ.யாவது அதில் நடந்துவிடுங்கள், கிளம்பும் முன் கால் நகத்தையும் வெட்டிவிடுங்கள்.