மறு: டார்ச்சின் ‘த்ரோ’வுக்குத் தமிழ்ச்சொல் – ‘ஒளியெட்டம்’

வணக்கம். மொழிபெயர்த்துவரும் டார்ச் பயனர் கையேட்டுக்காக, ஒளி எட்டும் தூரத்தைக் குறிக்கும் ‘த்ரோ’வுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நண்பர்கள் மடலில் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

> நெடுந்தூரம் ஒளி தரும் டார்ச்சுக்குச் ‘சேணொளி விளக்கு’ எனலாமா? ‘சேண்’ (தொலைவு) பழைய சொல், அழகாகவும் இருக்கிறது.

அழகில் மறுப்பில்லை. ஆனால் நமக்கு முதலில் வேண்டியது விளக்கின் வகைப்பெயர் அன்று. அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஒளிக்கற்றைப் படத்தின் அருகே ‘400 மீ’ என்று போட்டிருக்கிறார்களே, அந்த அளவின் பெயர். டார்ச் ஆர்வலர்கள் ஆங்கிலத்தில் அதைத்தான் ‘த்ரோ’ என்கிறார்கள். அளவுக்குச் சொல் அமைந்துவிட்டால் வகைப்பெயர் பின்னாலேயே வந்துவிடும்.

மின்குமிழ்க் காலத்தில் இந்தச் சொல் இல்லாமலே காலம் ஓடியது. ‘இரண்டு கட்டை டார்ச்’, ‘மூன்று கட்டை டார்ச்’, ‘ஐந்து கட்டை டார்ச்’ என்று பேட்டரிக் கட்டைகளை எண்ணியே மக்கள் தூரத்தைக் கணித்தார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. கட்டை கூடினால் வோல்ட் கூடும், அதற்கேற்ற குமிழில் இழை நன்றாகக் கனன்று ஒளிரும். எல்இடி வந்ததும் கட்டைக் கணக்கு செல்லாமல் போய்விட்டது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது மொத்த ஒளியை அளக்கும் லூமென். மலையடிவாரத்தில் இரவுக் காவலுக்குப் போகும் தோட்டக்காரர், வரப்புக்கு அப்பால் நிற்பது பன்றியா யானையா என்று நெருங்காமலே தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கடையில் “எவ்வளவு தூரம் அடிக்கும்?” என்று கேட்கிறார். “ஆயிரத்து இருநூறு லூமென்” என்று பதில் வருகிறது. கேள்வி ஒன்று, பதில் வேறொன்று. தவறான டார்ச்சோடு அவர் காட்டோரத்தில் நிற்கப்போகிறார் என்பதால்தான் இந்தச் சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

தமிழகப் பாடநூல்களில் இரண்டு நல்ல சொற்கள் ஏற்கெனவே உண்டு. விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி ‘ஒளிப்பாயம்’, அலகு லூமென். ஒரு திசையில் அந்த ஒளி எவ்வளவு செறிந்து போகிறது என்பது ‘ஒளிச்செறிவு’, அலகு கேண்டிலா. இவற்றை அப்படியே எடுத்துக்கொள்வோம், புதிதாகப் படைக்க வேண்டாம். தூரத்தைக் குறிக்கும் மூன்றாவதுதான் இல்லை.

> ‘ஒளிவீச்சு’ போதுமே?

போதாது. இயற்பியல் வகுப்பில் ‘வீச்சு’ அலைக்கு உரியதாகிவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், ‘ஒளிவீச்சு’ என்றால் படிப்பவர் பிரகாசம் என்றே கொள்வார். பிரகாசமும் தூரமும் ஒன்று என்ற குழப்பத்தைத் தீர்க்க வந்த சொல் அதே குழப்பத்தை வளர்க்கக் கூடாது.

> ‘அடிதூரம்’? ‘தூரம் அடிக்கும்’ என்பதுதானே மக்கள் வழக்கு?

வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கடையில் கேட்கும் சொல், விளக்கம் வேண்டாத சொல். ஆனால் ‘அடி’ நமக்கு நீள அலகும் ஆயிற்றே. ‘அடிதூரம் 400 மீட்டர்’ என்று அச்சிட்டால் கண் முதலில் ‘400 அடி தூரம்’ என்று படித்துவிடும். அளவைப் பற்றிய சொல்லில் அலகு மயக்கம் வருவதை ஏற்க முடியாது.

என் பரிந்துரை: ஒளியெட்டம். ஊட்டு – ஊட்டம் போல எட்டு – எட்டம். ‘மின்னூட்டம்’ பிறந்த அதே வழி என்பதால் பாடநூல் சொற்களோடு ஒட்டி நிற்கும். ‘எட்டம்’ அகராதியிலும் தூரம் என்ற பொருளில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ‘எட்டத்தில் நில்’ என்பது அன்றாடப் பேச்சு. இங்கும் ‘எட்ட நில்’ என்றால் குழந்தைக்கும் புரியும். ‘கண்ணுக்கு எட்டிய தூரம்’ என்ற தொடரும் துணைக்கு இருக்கிறது. ‘எட்டொளி’ என்று சுருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எட்டு விளக்குகள் என்று படித்துவிடுவார்கள்.

வரையறையையும் கூடவே வைத்துவிடுவோம். அமெரிக்காவில் 2009இல் வெளிவந்து பின்னர் திருத்தப்பட்ட எஃப்எல்-1 என்ற டார்ச் தரப்படி, விளக்கின் ஒளி 0.25 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) ஆகக் குறையும் தூரமே ஒளியெட்டம். தெளிந்த வானில் முழுநிலவு தரும் வெளிச்சத்தை ஒட்டியது அது. கணக்கும் எளிது: கேண்டிலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் கிடைக்கும். 1,200 லூமென் டார்ச் ஒன்றின் ஒளிச்செறிவு 6,400 கேண்டிலா என்றால் ஒளியெட்டம் 160 மீட்டர். 500 லூமென் மட்டுமே உள்ள இன்னொன்று 40,000 கேண்டிலா தருமானால் 400 மீட்டர். தோட்டக்காரருக்கு வேண்டியது இரண்டாவது.

நிலவொளியில் உருவம் தெரியும், அடையாளம் தெரியாது. ஆகவே விளக்கக் குறிப்பில் ‘ஒளியெட்டத்தின் பாதித் தூரத்தில் 1 லக்ஸ்’ என்ற வரியையும் சேர்க்க வேண்டும். 400 மீட்டர் என்று போட்ட டார்ச்சில் 200 மீட்டருக்குள் நிற்பதைத்தான் ஓரளவு நம்பிக்கையோடு அடையாளம் சொல்லலாம். இன்னொன்று, பெட்டியில் உள்ள அளவு விளக்கை ஏற்றிய தொடக்கத்தில் எடுத்தது. ஒளி கால்பங்காகக் குறையும்போது ஒளியெட்டம் பாதியாகிவிடும்.

> பேட்டரிக்கும் இதற்கும் தொடர்பில்லையா?

நேரடியாக இல்லை. ஒளியெட்டத்தைத் தீர்மானிப்பவை எல்இடி தன் சிறு பரப்பில் எவ்வளவு செறிவாக ஒளிர்கிறது என்பதும், எதிரொளிப்புக் கிண்ணத்தின் அகலமும்தான். ஆனால் அந்தச் செறிவுக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தளராமல் கொடுக்கக் கலத்துக்குத் திராணி வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் போடும் அளவான ஏஏ, நிக்கல் உலோக ஹைட்ரைடு வகையில் 1.2 வோல்ட், 2,000 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது அதில் சேமித்த ஆற்றல் 2.4 வாட்-மணி. 18650 லித்தியம் அயனிக் கலம் 3.6 வோல்ட்டில் 3,000 மில்லி ஆம்பியர்-மணி என்று வைத்தாலே 10.8 வாட்-மணி. ஒரு 18650இன் வேலைக்கு ஏஏ நான்குக்கு மேல் வேண்டும். நெடுந்தூர டார்ச்சுக்கு 18650 அல்லது அதைவிடப் பெரிய 21700தான் என் தேர்வு. சார்ஜர், மாற்றுக் கலம் எல்லாம் ஏஏ அளவிலேயே வீட்டில் இருப்பவர்கள் நான்கு ஏஏ போடும் டார்ச்சை எடுக்கலாம். கழற்ற முடியாதபடி பேட்டரியை உள்ளே வைத்து மூடிய டார்ச்சை வாங்கவே வேண்டாம். கலம் செத்தால் விளக்கும் குப்பைக்குப் போகும்.

இந்த எண்களைத் தமிழாக்க முயல வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். 18650 என்பதில் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், கடைசிச் சுழியம் உருளை வடிவைக் குறிக்கும். எண்ணே பெயர், எண்ணே விளக்கம். சென்ற மடலில் ஒரு நண்பர் ஏஏ, 14500 இரண்டுக்கும் ‘சிறுகலம்’ என்று எழுதியிருந்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவம்தான். ஆனால் 14500 லித்தியம் அயனிக் கலத்தின் பெயரளவு மின்னழுத்தமே 3.6 வோல்ட்டை ஒட்டியது. 1.5 வோல்ட்டுக்கு மட்டும் அமைந்த டார்ச்சில் அதைப் போட்டால் சுற்று கருகிவிடக்கூடும். அந்தப் பெயரை அருள்கூர்ந்து விலக்கிவிடுங்கள். (18650 அளவில் 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டு வருபவற்றையும் நம்ப வேண்டாம். நல்ல கலங்களே 3,500ஐ ஒட்டித்தான் நிற்கின்றன.)

கற்றையின் உறுப்புகளுக்கு: நடுவில் விழும் செறிந்த வட்டம் ‘ஒளிப்பொட்டு’, அதைச் சுற்றிப் படரும் மங்கல் ‘சிந்தொளி’. கழுத்தை இழுத்து நீட்டும் ஜூம் டார்ச்சைச் சுவரில் அடித்துப் பாருங்கள். முழுக்க நீட்டியதும் பொட்டு வட்டமாக இல்லாமல் மஞ்சள் கலந்த சதுரமாக விழும். எல்இடி சில்லின் உருவமே வில்லையால் பெரிதாகித் தெரிகிறது. சிந்தொளி அறவே இருக்காது, காலடியில் பாம்பு கிடந்தாலும் தெரியாது. காவலுக்குப் போகிறவருக்கு ஒளிப்பொட்டும் வேண்டும், சிந்தொளியும் வேண்டும்.

வகைப்பெயருக்குத் ‘தூரவொளி டார்ச்’, ‘பரவொளி டார்ச்’ என்ற இணை போதும். ‘சேண்’ அறியாதவருக்கும் புரியும். ஈழத்து நண்பர் ஒருவர் சொன்ன ‘மின்சூள்’ நல்ல சொல். டார்ச்சுக்கு மாற்றாக அதை எழுத விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதலாம். அதைத் தனி இழையில் பேசுவோம்.

மொழிபெயர்ப்பில் இருக்கும் பயனர் கையேட்டில் இந்த வரியை இப்படி வைத்திருக்கிறேன்:

“ஒளிப்பாயம் 500 லூமென், ஒளிச்செறிவு 40,000 கேண்டிலா, ஒளியெட்டம் 400 மீட்டர் (0.25 லக்ஸ் வரை), ஒரு 18650 மின்கலம், கழற்றி மாற்றலாம்.”

‘ஒளியெட்டம்’ பிடிக்காதவர்கள் இதே வரியில் தங்கள் சொல்லைப் பொருத்தி எழுதி அனுப்புங்கள். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுக்கிறேன்.